பத்து இலட்சத்து மூன்று

ஜிந்துப்பிட்டியில் மரக்கறி வாங்கிக்கொண்டு, சவுந்தரநாயகமும் மகள் ரொஷேலும் த்ரீவீலரில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறி ஒன்று முன்னால் வழியை அடைத்து நின்றது. பெட்டியின் முதுகில் 417417 என்று இருந்தது.

அப்பா அந்த எண்ணைப் பற்றிச் சொல்லட்டும் என்று ரொஷேல் காத்திருந்தாள். துறைமுகத்தில் கொள்கலன்களைப் பதிந்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பெட்டியைச் சும்மா போக விடமாட்டார். எதாலும் பிரியாத முதன்மை எண்ணா, பிரிகிற சேர்த்தி எண்ணா, காரணிகள் எவை என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. இது மிகவும் இலேசானது. மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் அந்த எண் ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் பிரிந்தே தீரும்.

"முதன்மை எண்," என்றார்.

அவள் சிரித்தாள். "பகிடி விடாதீங்க டடி. ஏழால?"

"ஏழால..." அவர் நிறுத்தினார். ஏழு என்பதைத் தெருவில் தவறவிட்டவர்போல வெளியே பார்த்தார். வலக்கை பையிலிருந்து நழுவியது. போஞ்சி காலடியில் கொட்டியது. அவர் குனியவில்லை.

அவள் சாரதியிடம் சிங்களத்தில், வீடு வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு விடு தம்பி என்றாள். அவன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான். லொறி அசையவில்லை. பின்னால் பஸ். அவன் கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கிக்கொண்டு ஒரு சில்லை நடைபாதையில் ஏற்றினான்.

அவரைப் பேச வைத்திருக்க வேண்டும். மாடிவீட்டுக்குக் கீழே இரும்புக்கடை வைத்திருக்கும் ஜாபிரோடு அவருக்கு ஒரு பந்தயம். 1000003 முதன்மை எண் என்பது ஜாபிரின் கட்சி. எங்கோ ஒரு காரணி பதுங்கியிருக்கிறது என்பது இவருடையது. தோற்றவர் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவு. மென்பொருள் பொறியியலாளரான மகளின் கணினி வாய் திறக்கக் கூடாது. ஆயிரத்துக்குள் உள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் கையாலேயே வகுத்துக்கொண்டு வந்தார்.

"எதில நிக்கிறீங்க டடி?"

"அறுநூத்திப் பதின்மூண்டு." நாக்கு தடித்திருந்தது. ஆனால் சரியாகச் சொன்னார்.

"அதுக்கடுத்தது?"

மறுபடி கேட்டாள். ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை இறந்தார். மூளையில் இரத்தக்கட்டி என்றார்கள்.

அடக்கம் முடிந்த மாலை ஜாபிர் படியேறி வந்தார். கையில் மூடிய பாத்திரம். கதிரையில் இருக்கவும் இல்லை.

"நான் தோத்துட்டேன் எண்டே வெச்சிக்கோங்க மகள்," என்றார்.

"இன்னும் முடியேல்ல ஜாபிர் நானா," என்றாள் ரொஷேல்.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். வட்டிலப்பத்தை வெட்டாமல் குளிர்பெட்டியில் வைத்தாள். கணினி மேசையில்தான் இருந்தது. திறந்தால் கண் இமைக்கும் நேரத்து வேலை. அவள் ஒரு பென்சிலை எடுத்தாள்.

617. மீதி 463. பிரியவில்லை.

அடுத்தது 619.