சர்ச் சுவரில் ஒரு கிள்ளான் மெட்டி

போன மாதம் இத்தாலியில் ஒரு மலையூர். அங்கே எண்ணூறு வருஷத்துப் பழைய சர்ச். வாசலில் என் மனைவி புஷ்பா என்ன செய்தாள் தெரியுமா? சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்!

"இங்கெல்லாம் கழட்ட வேணாம் புஷ்பா..."

"சாமி இருக்கிற இடம்தானே? நீங்க வேணும்னா போட்டுக்கிட்டு வாங்க லா."

பழைய கல் என்றால் எனக்குப் பைத்தியம். வழக்கமாக இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? ரோமில் இடிந்த மண்டபம், பாதி நின்ற தூண்... ஒன்றையும் விடவில்லை. இரண்டாயிரம் வருஷத்துத் தூண் ஒன்றைத் தொட்டபோது சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்களோ!

புஷ்பாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "இடிஞ்சு போனதைப் பார்க்க இவ்ளோ தூரம் வரணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பாள்.

எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து தகவல் வருமா என்றுதான் பார்த்தாள், பாவம். அங்கே அவள் தம்பி குமார். ஆறு மாதத்துக்கு முன்பு மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி இடித்து, வலது கால் நொறுங்கிவிட்டது. மூன்று ஆபரேஷன். இனி நடப்பானா? டாக்டரே பிடிகொடுத்துப் பேசவில்லை. பயணமே வேண்டாம் என்று அழுதவளை, "நீ இங்க உக்காந்தா என் காலு கூடிடுமா? போயிட்டு வாக்கா" என்று குமார்தான் அனுப்பிவைத்தான்.

சர்ச்சுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரம்! கூரை முழுக்க நீலம், நடுநடுவே தங்க நட்சத்திரங்கள். கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த தரைக்கற்கள். வளைவுகளைப் பற்றிக் கைடு புத்தகத்தில் படித்ததை எடுத்துவிடலாம் என்று திரும்பினால்... புஷ்பா பக்கத்தில் இல்லை.

ஓரத்துச் சுவர் ஒன்றின் முன்னால் நின்றிருந்தாள். சுவர் நிறையச் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். கை, கண், இதயம், கால்.

"என்ன டெக்கரேஷன் இது?" என்று புத்தகத்தைப் புரட்டினேன்.

"டெக்கரேஷனா? வேண்டுதலுங்க! கண்ணு சரியாகணும்னா கண்ணு, காலு சரியாகணும்னா காலு. நம்ம மாரியம்மன் கோயில்ல பார்த்ததே இல்லையா நீங்க?"

பார்த்திருக்கிறேன். நூறு தடவை. இங்கே மூளையில் உறைக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால் மெட்டி ஒன்றை முறுக்கிக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய்! நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்!"

"கத்தாதீங்க. ரெண்டு ஜோடி போட்டிருக்கேன்ல? ஒரு ஜோடி உங்களுக்கு. இது என் தம்பிக்கு."

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் எங்கள் சத்தம் கேட்டு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இத்தாலியன் தெரியாது. புஷ்பா விடுவாளா? இரண்டு கையாலும் ஹேண்டில் பிடித்துக் காட்டினாள். "லோரி... டமார்!" என்றாள். தன் வலது காலைத் தட்டினாள். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கிழவர் குனிந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டார். நீளமாக ஒரு பழைய தழும்பு. சுவரில் ஒரு வெள்ளிக் காலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். அவருடையதாம்! உள்ளே போய் நூல் எடுத்து வந்து, அதன் பக்கத்திலேயே புஷ்பாவின் மெட்டியைக் கட்டித் தொங்கவிட்டார்.

ஊரெல்லாம் தேடிப் பழசைப் பார்த்தவன் நான். அந்தச் சுவரை மட்டும் அவள் இல்லாவிட்டால் கோட்டை விட்டிருப்பேன்.

போன ஞாயிறு காப்பார் போனோம். குமார் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, தானாக நின்றான். ஒரு எட்டு வைத்தான். இன்னொன்று. எல்லோரும் அழுதோம். பிசியோதெரபிஸ்ட் தன் கைராசி என்கிறார். இருக்கட்டும், அவரும் பாடுபட்டவர்தான்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் புஷ்பா காருக்குள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, வேற எந்த ஊர்ல பழைய சர்ச் இருக்கு? ஜோடி பிரிஞ்ச மெட்டி ஒண்ணு சும்மாதான் கெடக்கு... எனக்கும் முட்டி வலிக்குது."