ஆர்தரும் ஆறு நாள் பாசியும்

வள்ளம் கிளம்புமுன் ஜோதிமேரி அக்கா ஆட்களை எண்ணுவாள். கரை திரும்புமுன் இன்னொரு முறை எண்ணுவாள். கடல்பாசி எடுக்க அவளோடு போகத் தொடங்கிய இந்தப் பதினெட்டு வருடத்தில் இது ஒருநாளும் தவறியதில்லை. பாம்பன் பக்கம் எங்கள் குடியிருப்பில் பாசிக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி.

போன வருடம் சாயங்காலங்களில் டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் தமிழில் டப் செய்து வந்தது. ஆர்தர் என்ற பழங்காலத் தலைவனின் கதை. கல்லில் செருகிய வாளை உருவி ராஜாவானவன் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் வாளும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. சேறு, ஒழுகும் கூரை, மாட்டுக்காக அடித்துக்கொள்ளும் ஊர்கள்.

"எப்பக்கா வாள உருவுவான்?" என்று கேட்டேன்.

"அவனே சளி பிடிச்சு உக்காந்திருக்கான். மூக்கு உறிஞ்சவே நேரம் சரியா இருக்கு," என்றாள். ஆனால் ஒருநாள் விடாமல் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கும் கிழக்குக் குடியிருப்புக்கும் சண்டை வந்தது. பாசி மறுபடி வளர வேண்டும் என்று, அமாவாசைக்குப் பின் ஆறு நாள், பௌர்ணமிக்குப் பின் ஆறு நாள் மட்டும் எடுப்பதென இரண்டு ஊரும் புதிதாகப் பேசி முடித்திருந்தோம். முதல் மாதமே அவர்கள் எட்டாம் நாள் கடலில் இறங்கிவிட்டார்கள்.

"நாமளும் நாளைக்கு இறங்குவோம். வேரோட பிடுங்கிட்டு வருவோம்," என்றாள் பிரெசில்லா. வள்ளத்துப் பெண்கள் எல்லோரும் சரி என்றார்கள். அப்படிப் போட்டி போட்டால் அடுத்த பருவத்துக்குப் பாறையில் ஒன்றும் மிஞ்சாது.

"ஒரு நாள் பொறுங்க. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்," என்றாள் அக்கா.

"ஆள் கூட்டிட்டுப் போ."

"கூட்டத்தோட போனா சண்டைக்கு வந்தேன்னு நினைப்பாளுக. நேத்து அவன் வெறுங்கையோடதான போனான்?"

"எவன்?"

"ஆர்தர்."

பிரெசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். துணைக்கு அக்கா என்னை மட்டும் அழைத்தாள். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

கிழக்குக் குடியிருப்பின் தலைவி முருகலட்சுமி பாசி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வா மேரி. களவாணி ஊருல இருந்து இன்னும் ஆள் வரலையேன்னு பாத்தேன்."

"எட்டாம் நாள் போனது நீங்க."

"ஏழாம் நாள் போனது யாரு?"

அக்கா மணலில் உட்கார்ந்தாள். "என்னென்னைக்குப் போனோம்னு நாள் நாளாச் சொல்லு மதினி," என்றாள். இருவரும் விரல் மடக்கி எண்ணினார்கள். நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது. அன்று நாங்கள் சர்ச்சில் பூசைக்குப் போனோம், கடலில் இறங்கவில்லை. அதை எண்ணாமல் விட்டு ஏழாம் நாளோடு ஆறை நிரப்பியிருந்தோம். அவர்களுக்கு ஞாயிறும் ஒரு நாள்தான். எங்களைப் பார்த்துத்தான் மறுநாள் இறங்கியிருக்கிறார்கள்.

"நீங்க லீவு விட்டா கடலும் லீவு விடுமா?" என்றாள் முருகலட்சுமி.

அக்கா மடக்கிய விரல்களில் ஒன்றை விரித்தாள். "சரி. ஞாயிறு எங்களோட போகட்டும். ஏழாம் நாள் எங்க வள்ளம் இறங்காது. உங்க வள்ளமும் இறங்கக் கூடாது."

"உன் ஊரு கேக்குமா?"

"கேக்க வைக்கிறேன்."

ஊர் கேட்கவில்லை. ஒரு நாள் பாசியைத் தானம் கொடுத்துவிட்டு வந்தாள் என்று பிரெசில்லா ஏசினாள். அடுத்த பௌர்ணமிக்குப் பின்னும் நடுவில் ஞாயிறு வந்தது. ஏழாம் நாள் காலை வள்ளத்தைத் தள்ளப் போனோம்; அக்கா அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தன்மேல் ஏற்றித்தான் வள்ளத்தைத் தள்ள வேண்டும் என்றாள். வெயில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

இப்போது ஞாயிறு குறுக்கே வந்தால் எங்களுக்கு ஐந்து நாள், அவர்களுக்கு ஆறு. பாறையில் பாசி இருக்கிறது. பிரெசில்லா அக்காவிடம் பேசுவதில்லை. அதே வள்ளத்தில்தான் வருகிறாள்.