முனவ்வறாவின் முட்டை கேம்

முனவ்வறாவுக்கு வாய் நீளம் என்று சொல்லாதவர்கள் தண்ணீரூற்று ஊரில் குறைவு. கட்டியவனான சரீப்கூடச் சொல்வான். அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை; துணிக்கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொள்வான். அந்த வாயை அவள் எங்கே, எதற்காகத் திறந்தாள் என்பதைக் கேட்டபிறகு நீளமா கட்டையா என்று நீங்களே சொல்லுங்கள்.

2002இல் போர் நின்று சமாதானம் வந்து, கண்டி வீதி திறந்து, சனம் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வரத் தொடங்கிய காலம் அது. புத்தளத்து அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவு முஸ்லிம்களில் கொஞ்சப்பேர் ஊருக்குத் திரும்பினார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் கூரையில்லாத வீட்டையும் பற்றை மூடிய வளவையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். முனவ்வறா திரும்பவில்லை. வாப்பாவின் வீட்டில் மிஞ்சியிருந்தவை சுவர்களும் கிணறும்தான். அவள் கிணற்றை இறைத்தாள், சுவருக்கு மேல் தகரம் போட்டாள், சந்தியில் சரீபுக்கு ஒரு துணிக்கடையும் போட்டுக் கொடுத்தாள்.

சரீப் நல்ல மனிதன், ஆனால் பயந்த மனிதன். எதற்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நாங்க இப்பதான் வந்திருக்கிறம்." பக்கத்து வளவுக்காரன் வேலியை உள்ளே தள்ளிப் போட்டாலும் அதுதான் பதில். அவர்களுடைய தென்னையில் வேறு யாரோ ஏறித் தேங்காய் பிடுங்கினாலும் அதுதான். முனவ்வறாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பிறந்து வளர்ந்த ஊரில் எத்தனை வருடத்துக்கு ஒரு மனிதன் இப்பதான் வந்தவனாக இருப்பது?

அந்த நாளில் முள்ளியவளை வீதியில் கொலின்ஸ் என்று ஒருவன் ரேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் கிடுகுக் கொட்டகை ஒன்று போட்டு, 'வீடியோ கேம் நூதனசாலை' என்று பச்சை மையில் பலகையும் எழுதி மாட்டிவிட்டான். அருங்காட்சியகமாம் என்று முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஊரே போய்ப் பார்த்தது. பாதை திறந்து புதுச் சாமான்கள் வரத் தொடங்கியதும் பழையவற்றைச் சனம் அவனிடம் கொண்டுவந்து கொடுத்தது. ரீவியில் கொழுவி விளையாடும் பெட்டிகள், அவற்றின் கசற்றுகள், வாத்துச் சுடும் பிளாஸ்ரிக் துவக்கு, கட்டை அடுக்கும் கைக் கேம்கள் என்று கொட்டகை நிரம்பிவிட்டது. கறையான் தின்ற பெரிய மரப்பெட்டி கேம் ஒன்றை அவன் கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

பார்ப்பதோடு முடியாது, விளையாடவும் விடுவான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வராது; பேனா அளவு பற்றறிகூட வராது. அப்போது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்துத்தான் சனம் ரேடியோ கேட்டது. கொலின்ஸ் அதே வயரில் கைக் கேம்களை ஓட்டினான். ஆகவே நூதனசாலையில் ஒருவர் விளையாட இன்னொருவர் சுற்ற வேண்டும். விளையாடி முடித்தவர் அடுத்தவருக்குச் சுற்றிவிட்டுத்தான் போகலாம். இதற்காகவே தர்மபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு சரீப்தான் போய்ப் பார்ப்போமா என்று கேட்டான். பாவம், அந்தக் கேள்விக்காக அவன் பிறகு பலநாள் தன்னையே திட்டிக்கொண்டான்.

முனவ்வறா சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவள் கண்ணாடி அலுமாரி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே கையடக்கமான கேம் ஒன்று இருந்தது. நாலு மூலையிலும் நாலு கோழிகள். முட்டைகள் உருண்டு வரும். நடுவில் நிற்கும் மனிதன் கூடையை அப்படியும் இப்படியும் நீட்டி அவற்றைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மட்டை: 'முட்டை கேம். கண்டெடுத்தது.'

கண்டெடுத்ததாம். கடற்கரையில் சிப்பி கண்டெடுக்கலாம், காட்டில் விளாம்பழம் கண்டெடுக்கலாம். அவளுடைய வாப்பா அஸ்வர் முதலாளியின் வீட்டில், உள் அறை அலுமாரியின் மேல்தட்டில், சாரித் துண்டில் சுற்றி வைத்த சாமானை ஒருவர் எப்படிக் கண்டெடுப்பார்?

அது அவளுடையது. அவளுடைய அண்ணன் முஹ்ஸின் நானா சவூதியிலிருந்து வந்தபோது அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. பள்ளிக்கூடக் கணிதப் பெட்டியிலிருந்த கவராயத்தின் கூர் முனையால் பின்பக்கத்தில் தன் பெயரைக் கீறியதற்கு வாப்பாவிடம் ஏச்சும் வாங்கியிருந்தாள். 1990ஆம் ஆண்டு ஐப்பசியில் துவக்கோடு வந்த இயக்கத்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றபோது அவளுக்குப் பதினைந்து வயது. சில நாளில் திரும்பி வருவோம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதால்தான் உம்மா வீட்டைக் கூட்டித் துடைத்து, பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு அற்புதத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அற்புதமும் அவருடைய கணவர் யோசெப்பும் கொக்கிளாய்க் கடற்கரைக்காரர்கள். எண்பத்து நாலில் ஆமியால் அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவர்களுக்குக் குடிசை போட இடம் கொடுத்தவர் முனவ்வறாவின் வாப்பா. அவர்களுடைய மகன்தான் இந்தக் கொலின்ஸ். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாளும் அவள் அவனுக்கு ஒரு முறைகூட விளையாடக் கொடுத்ததில்லை. அதை அவள் மறுக்கவும் இல்லை.

"இது எங்க கண்டெடுத்தது, கொலின்ஸ்?" என்று அலுமாரியைச் சுற்றிப் போய் அதன் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

முக்காட்டுக்குள் இருந்த முகத்தை அவன் அப்போதுதான் உற்றுப் பார்த்தான். அப்பா தந்தது, அப்பா அப்படித்தான் சொன்னவர் என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

"பின்னால நம்பர் தாள் ஒண்டு ஒட்டியிருக்கிறீங்கள் என்ன? அதை உரிச்சுப் பாருங்கோ. என்ர பேர் கிடக்கும்."

கொலின்ஸ் உரிக்கவில்லை. கை அந்தப்பக்கம் போகக்கூட இல்லை. தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் எதற்கு உரிக்க வேண்டும்? சைக்கிள் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சரீப் அவளுடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். வழி முழுக்க, நாங்க இப்பதான் வந்திருக்கிறம் என்பதைத் தவிர அவனிடமிருந்து வேறு கதை வரவில்லை.

அடுத்தநாள் பின்னேரம் கொலின்ஸ் அவர்களுடைய வீட்டுக்கு வந்தான். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். சரீபுக்கு உயிர் திரும்பியது போல இருந்தது. கதிரை எடுத்துப் போட்டான், தேத்தண்ணிக்குச் சொன்னான். கொலின்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"இது உங்கடதான் அக்கா. எடுங்கோ. கதையை இதோட விடுவம்."

அதை எடுக்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் எடுத்துவிட்டால்? அலுமாரியில் ஒரு இடம் வெறுமையாகும். அதில் இன்னொரு கேம் வந்து குந்தும். இங்கே என்ன இருந்தது, யாருடையது, எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தாங்கள் ஊரை விட்டுப் போனபோதும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் ஆசை போய் ஆத்திரம் வந்தது.

"கொண்டுபோய் இருந்த இடத்திலயே வையுங்கோ," என்றாள். "இது ஆற்ற சாமான் எண்டு எழுதி வையுங்கோ. எனக்கு அது போதும்."

பற்றறி இல்லாத காலம் முழுக்க அதைக் கெடாமல் வைத்திருந்தவன் அவன்தான், வேண்டுமானால் அதையும் சேர்த்து எழுதட்டும் என்றும் சொன்னாள். கொலின்ஸின் முகம் சிவந்துவிட்டது. அப்பா செத்து இன்னும் வருடம் திரும்பவில்லை, தேவாலயப் பங்குச் சனம் முழுக்க அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தது, இப்படி எழுதி வைத்தால் அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது.

"நாங்களும்தான் கொக்கிளாயில வலை, வள்ளம், வீடு எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். எங்கட பேரை அங்க ஆர் எழுதி வைச்சிருக்கினம்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை.

"அது அநியாயம்தான் தம்பி. அங்க போற நாளில உங்கட பேரை நீங்கள் எழுதுங்கோ, நானும் கூட வாறன். இங்க என்ர பேரை நான் எழுதுவன்."

பொட்டலம் வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்குத்தான் சரீப் முதல்முறையாக அவளிடம் சத்தம் போட்டான். வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்புகிற பைத்தியத்தை எங்கேயும் கண்டதில்லை என்றான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தமிழ்ச் சனம், அவர்கள் முகம் திருப்பினால் மறுபடியும் புத்தளத்து முகாம்தான் என்றான். அது வெறும் மிரட்டல் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பதில் சொன்னாள்.

"போறதெண்டா போவம். இந்த முறை ஆர் போறது எண்டு ஊருக்குத் தெரியட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை நூதனசாலைக்குப் போனாள். கேம் பழைய இடத்தில் இருந்தது, பழைய மட்டையும் இருந்தது. கடைக்குச் சட்டைகள் வந்த சேட் பெட்டியின் மட்டையை வெட்டி வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தாள்: 'முட்டை கேம். முனவ்வறா, அஸ்வர் வீடு, தண்ணீரூற்று. 1990இல் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது வீட்டில் வைத்துப் போனது.' அலுமாரிக்குப் பூட்டு இல்லை. கண்ணாடியைத் தள்ளி, அவனுடைய மட்டையை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். கொலின்ஸ் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை.

மறுவாரம் அந்த மட்டை இல்லை. இன்னொன்று எழுதி வைத்தாள். அதுவும் போனது. துணிக்கடையில் சேட் பெட்டிக்கா பஞ்சம்? அவள் எழுத எழுத அது காணாமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசல்காரர்கள் சரீபைக் கூப்பிட்டு மனைவியைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொன்னார்கள். கடையில் சனம் குறைந்தது. ஒருத்தி சட்டைத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தவள், முனவ்வறாவின் கடை என்று தெரிந்ததும் வைத்துவிட்டுப் போனாள். சரீப் அவளோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டான். இருந்தும் வெள்ளிக்கிழமை வந்தால் அவள் கத்திரிக்கோலை எடுத்தாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை போனபோது கொலின்ஸ் இல்லை. சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தான். அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அற்புதம் இருந்தார். கறுப்புச் சேலை, கையில் செபமாலை. மட்டைகளைக் கிழித்தது யார் என்று முனவ்வறாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

"செத்த மனிசன்ர பேரை ஏன் பிள்ளை நாறடிக்கிறாய்?" என்றார் அற்புதம். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூட.

முனவ்வறா மட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வாசிச்சுப் பாருங்கோ மாமி. இதில உங்கட மனிசன்ர பேர் எங்க இருக்கு? என்ர பேரைத்தான் எழுதியிருக்கிறன். என்ர பேரை எழுதினா அவருக்கு ஏன் பழி வருது?"

அற்புதம் வாசித்தார். வாசித்து முடித்தும் மட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முனவ்வறா கண்ணாடியைத் தள்ளி மட்டையை உள்ளே வைத்தாள். வழக்கமாக வைத்ததும் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை, மூலையில் கிடந்த மர வாங்கை இழுத்து எதிரே போட்டு இருந்துகொண்டாள். இனி இவர் கிழிப்பதென்றால் தன் கண்ணுக்கு முன்னால் கிழிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்சநேரத்தில் பூவரசங்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நடராசா என்கிற அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு மட்டையையும் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். முட்டை கேமுக்கு வந்தார். வாசித்தார். வைத்துப் போனது என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது. நூதனசாலைக்காரர் என்று நினைத்து அற்புதத்தைப் பார்த்துக் கேட்டார், ஆரம்மா இந்த முனவ்வறா, இது இங்க எப்பிடி வந்தது என்று.

அற்புதத்தின் செபமாலை விரல்களில் அப்படியே நின்றுவிட்டது. முனவ்வறாவின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் எல்லோருக்கும் தர்மசங்கடம் தீர்ந்துவிடும். அவள் சொல்லவில்லை. எல்லோருடைய சங்கடத்தையும் பேசாமல் இருந்தே தீர்த்துவைத்த வருடங்கள் போதும். இன்றைக்குத் தான் பேசித் தீர்த்துவைக்கப் போவதும் இல்லை. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவர் சொல்லட்டும்.

அந்த மனிதர் பதிலுக்காக நின்றுகொண்டேயிருந்தார்.

"இவாதான்," என்றார் அற்புதம் கடைசியில், எதிரே இருந்தவளைக் காட்டி. "திறப்பைத் தந்திட்டுப் போனவை. இவவின்ர வீட்டிலதான் எடுத்தனாங்கள்."

முனவ்வறா எழும்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அற்புதத்துக்கு அவள் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?