புல்லில் நின்ற மகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருக்கும் புறநகரான ரோவிலில் இருந்து நானும் ஆறு வயது மகளும் பழைய தங்கச் சுரங்க ஊரான பல்லாரட்டுக்குப் போனோம். முன்னொரு காலத்தில் தங்கம் தோண்டியவர்கள் அரசாங்கப் படையோடு சண்டை பிடித்த இடம் அங்கே இப்போது நினைவுப் பூங்காவாக இருக்கிறது. நான் அங்கிருந்த தகவல் பலகையை வாசித்துக்கொண்டிருக்க, மகள் பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடினாள்.

“அசையாதை, அப்பிடியே நில்” என்று கத்தினேன்.

வன்னியில் என் தம்பி மிதிவெடியில் அகப்பட்டதும் இப்படியொரு பச்சைப் புல்லில்தான். இங்கே வெடி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் போக எனக்குக் கால் எழவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் மகள், “அம்மா, வாங்கோ” என்று அழுதாள். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான், எதுவும் கேட்காமல் அவளைத் தூக்கிவந்து என்னிடம் தந்தார்.

“அங்கை என்னம்மா இருந்தது?” காரில் மகள் கேட்டாள்.

“ஒண்டுமில்லை.”

போன கிழமை அவளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனேன். மற்றப் பிள்ளைகள் புல்லில் பந்தடிக்க, அவள் மட்டும் சீமெந்துப் பாதையில் நின்றாள்.

“நீயும் போய் விளையாடன்” என்றேன்.

“நீங்கள் முதல்ல போங்கோ.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன், பாதையாலேயே.