குளிருக்குக் குடிக்கும் கார்

எங்கள் வீட்டுக் கார் மார்கழி பிறந்தால் டீசலை மடக் மடக்கென்று குடிக்கும். ஏன் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம் அது. பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது.

அந்தக் கார் பிறப்பால் பெட்ரோல் கார். யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் கிழடு தட்டி, திருச்சிப் பட்டறையில் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வயிற்றில் வாங்கிக்கொண்டு, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. வாங்கியவர் அப்பா. வாடகைக்கு ஓட்டியவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா. டீசலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் வைத்திருந்தார்கள். அப்பா அவ்வப்போது அதற்குள் மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். ஊரில் எதை நம்பாவிட்டாலும் அந்தக் குச்சியை நம்புவார்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கோயிலுக்குப் போகிறவர்களை விட்டால் காருக்கு ஆள் வராது. ஆகவே டீசல் மிச்சமாக வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். குச்சியோ வேறு கதை சொன்னது.

"வண்டி எங்கிட்டுடா போகுது?"

"எங்கிட்டும் போகலண்ணே. குளிரு. பழைய டீசல் வண்டி குளிர்ல கூடுதலாத்தான் குடிக்கும்."

"நம்ம ஊர்க் குளிருக்கா?" என்று கேட்டுவிட்டு அப்பா அடுக்கடுக்காகத் தும்மினார். மார்கழிக் காலையில் அவருக்கு எப்போதும் அப்படித்தான். தும்மி முடித்ததும் தீர்ப்பு வந்தது. பொங்கலுக்குள் காரணம் விளங்க வேண்டும். இல்லாவிட்டால் காரை விற்றுவிடுவது, சித்தப்பா பழையபடி வயலுக்கு வந்துவிடுவது. சித்தப்பாவின் முகம் செத்துப்போனது.

கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறவள் என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர். பள்ளிக்கூடமும் அரைப் பரீட்சை லீவு. மறுநாள் திருவரங்குளம் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போக வேண்டியிருந்தது. அப்பா என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். "கண்ணால பாத்ததை அப்படியே வந்து சொல்லணும் ஆத்தா" என்றார்.

விடியும் முன்பே சித்தப்பா அடுப்புக் கங்குகளை ஒரு தகரத் தட்டில் அள்ளி எஞ்சினுக்கு அடியில் வைத்தார். நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"இந்நேரம் ஒங்க அம்மாவோட தேங்காயெண்ணெய் பாட்டில் எப்படி இருக்கும்?"

"வெள்ளையா ஒறைஞ்சு போயிருக்கும்."

"எஞ்சின் ஆயிலும் குளிர்ல கெட்டிப்பட்டுப் போகும். அதுக்குள்ள எஞ்சின் சுத்தணும்ல? சேத்துல நடக்குற மாதிரி. பாதிச் சக்தி அதுக்கே போயிரும்."

சாவியைத் திருப்பினார். கார் முக்கியது, இருமியது, மாட்டுக்கொட்டகையே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை விட்டது. அந்தப் புகை, எரியாமல் வெளியே போகிற டீசலாம். எஞ்சின் சூடானால்தான் டீசல் முழுசாக எரியுமாம். சூடேறும்வரை கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஓரடி நகராமல் அது குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். சித்தப்பா சொன்னது அத்தனையும் உண்மை.

இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் விட மனசில்லை. உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து என் காலடியில், எஞ்சின் சூடு வருகிற இடத்தில் வைத்துக்கொண்டேன். புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் எண்ணெய் உருகிவிட்டது.

திருவரங்குளத்தில் அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டு, "நிதானமா சாமி கும்பிடுங்க, உச்சிக்கு வந்துர்றேன்" என்று சொன்ன சித்தப்பா, எஞ்சினை நிறுத்தாமலே வண்டியைத் திருப்பினார்.

"எங்க போறோம் சித்தப்பா?"

"நிறுத்தி வச்சா மறுபடி ஆறிப் போயிரும் தாயி. ஓட்டிக்கிட்டே இருந்தாத்தான் சூடு நிக்கும்."

சரியாகத்தான் பட்டது. சூடு ஆறாமல் இருக்க நாங்கள் கந்தர்வக்கோட்டை வரைக்கும் போனோம்.

முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு சின்ன வீடு. காரின் சத்தம் கேட்டே ஓர் அம்மாள் வெளியே ஓடிவந்தார். ஒன்பது வயதுக் கழுதையான என்னை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சூடாக வறுத்த முந்திரிப் பருப்பைக் கை நிறையக் கொடுத்தார். காரை உறுமவிட்டுவிட்டுச் சித்தப்பா வாசலிலேயே நின்று காப்பி குடித்தார்.

"குளிரு வந்துட்டா ஒங்க அப்பாவுக்குத் தும்மல் நிக்காதே. இப்பவும் அப்படித்தானா தாயி?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் கையில் இன்னும் கொஞ்சம் முந்திரியைத் திணித்தார். எங்கள் கார் முக்குத் திரும்பி மறையும்வரை வேலியோரமாகவே நின்றார். வழியில் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு "புகை" என்றார். வெள்ளைப் புகை நின்று வெகு நேரமாகியிருந்தது. வீட்டில் சொல்லாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பீப்பாய்க்குப் பக்கத்தில் விசாரணை நடந்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கெட்டிப்பட்ட ஆயில், வெள்ளைப் புகை, நின்றபடியே குடித்தது. அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"அப்புறம் சூடு ஆறாம இருக்கக் கந்தர்வக்கோட்டைக்குப் போனோம்பா."

அப்பாவின் தலை நின்றது. சித்தப்பா பீப்பாயின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா அரைத்துக்கொண்டிருந்த அம்மிச் சத்தமும் நின்றுவிட்டது. நான் மட்டும் நிற்கவில்லை.

"அங்க ஒரு அம்மா இருந்தாங்க. ஒங்களுக்குத் தும்மல் வருமேன்னு கேட்டாங்க. பாக்காமலே எப்படிப்பா தெரியும்?"

அப்பா குச்சியைப் பீப்பாயிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, "அந்தம்மா மெலிஞ்சு போயிருந்தாங்களா?" என்றார்.

"ஆமாப்பா. பொடவை தோள்ல கிழிஞ்சிருந்துச்சு."

அப்பா குச்சியைத் துடைத்துக் கொட்டகைக் கூரையில் செருகினார். "குளிருன்னா குடிக்கத்தான் செய்யும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். காரை விற்கிற பேச்சு அதோடு போயிற்று. சித்தப்பாவைக் காப்பாற்றியது என்னுடைய தேங்காயெண்ணெய் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததும், அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருந்ததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் அப்போது தொட்டில் பிள்ளையாம்.

ஆடி வந்தது. ஆடியிலும் கல்யாணம் கிடையாது. குளிரும் கிடையாது. ஆனால் குச்சி மார்கழிக் கதையையே சொன்னது. எனக்குத் தலை சுற்றியது. என் கண்டுபிடிப்பே பொய்யாகிவிடுமே! அப்பாவிடம் ஓடினேன்.

"இப்பத்தான் குளிரே இல்லையேப்பா, ஏன் குடிக்குது?"

"ஆடிக் காத்து ஆத்தா. எதிர்க்காத்துல வண்டி திணறும்ல" என்றார் அப்பா. அப்போது அவரே ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு புதுப் புடவையை வைத்து, நசுங்காதபடி சரி செய்தார்.

"பாரம் ஏத்தினா இன்னும்ல குடிக்கும்!"

"குடிக்கட்டும்" என்றார் அப்பா.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்ன மனுஷருக்கே இப்போது காரணத்தில் அக்கறையில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு நான் அவரோடு பேசவே இல்லை.