திருப்பி எடுக்கக் கூடாத மிஸ்கோல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு வேறு எங்கே நிற்கும்? கிணற்றுக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்து, "ஒண்டும் நடக்கேல்ல, சும்மா நிண்டிட்டு" என்று சாதிக்கிறவர்களோடுதான் என் பொழுது போகிறது. ஆனால் என் கோபத்தைக் காதிலேயே வாங்காத ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் உயிருள்ளவரை நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா கிளிவெட்டியில் இருக்கிறாள். அத்தானுக்குக் கொழும்பில் மேசன் வேலை. அது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் அக்கா குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று வாங்கினாள். இரண்டு தடவை முட்டை வைத்தாள். இரண்டு தடவையும் வீட்டில் ஆளில்லாத நேரம் கரண்ட் நின்று, சூடு இறங்கி, முட்டைகள் எல்லாம் பழுதாய்ப் போயின. மூன்றாம் தடவை வைக்கும்போது சொன்னாள்: "இதுவும் சரிவரேல்லை எண்டால் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறன்டா. பாஸ்போட் எடுத்திட்டன்." அவளுடைய மகள் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இணையம் வழியாக நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும் கருவிகள் விற்கிறார்கள். அதற்கு மாதாமாதம் டேட்டா போட வேண்டும். போட்டாலும் அக்கா வீட்டில் டேட்டா இழுக்காது; சாதாரண கோல் மட்டும் போகும். ஆகவே கடையில் சும்மா கிடந்த பட்டன் போன் ஒன்றை எடுத்தேன். அதன் ஹெட்செட் வயரில் உள்ள சின்னப் பட்டனை அழுத்தினால், கடைசியாக அழைத்த நம்பருக்கு மறுபடி கோல் போகும். சூடு இறங்கியதும் அந்தப் பட்டனைத் தானாக அழுத்துகிற மாதிரி ஒரு சுவிட்சை இணைத்தேன். அக்காவின் போனில் மணி அடித்தாலே சேதி வந்துவிட்டது. அவள் எடுக்காதவரை செலவும் இல்லை.

ஹெட்செட் செருகியிருந்தால், யார் அழைத்தாலும் அந்தப் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதை நிறுத்தி வைக்கவும், மைக்கை வெட்டி எறியவும் எனக்குப் பஞ்சி, சோம்பல். அப்படியே பெட்டிக்குள் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மிஸ்கோல் வந்தால், பேலன்ஸ் இல்லாத யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கை தானாகவே திருப்பி எடுக்கும். அதுதான் எனக்குப் பயம். பக்கத்துத் தோப்பூரில் அக்கா முட்டை கொடுக்கும் தேத்தண்ணிக் கடையில் அவளை இருத்தி வைத்துக் கத்திக் கத்திப் படிப்பித்தேன். "மெஷின்ட நம்பர்ல இருந்து மணி அடிச்சா எடுக்கவும் வேணாம், திருப்பி எடுக்கவும் வேணாம். லைன் பிஸி எண்டா மெஷின்ட கோல் வராது. விளங்குதா?"

கடைக்கார முஸ்லிம் அண்ணர், எங்கள் நானா, பிளேன்டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அக்காவுக்குச் சொல்றீங்களா, ஊருக்குச் சொல்றீங்களா?"

குஞ்சு பொரிக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, அக்கா நெல்லுக் குத்த தோப்பூர் மில்லுக்குப் போனாள். போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. அதை நானாவின் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, மில் வரிசையில் போய் நின்றாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

என் போன் அடித்தது. தேத்தண்ணிக் கடை நானா.

"தம்பி, உங்கட அக்காட போனுக்கு ஒரு நம்பர்ல இருந்து விட்டு விட்டு மிஸ்கோல் வருகுது. பேலன்ஸ் இல்லாத ஆரோ, பாவம் எண்டு என்ட போன்ல இருந்து எடுத்துப் பாத்தன்."

"ஐயோ நானா! திருப்பி எடுக்க வேணாம் எண்டு உங்கட கடையிலதானே தொண்டை கிழியக் கத்தினனான்!"

"கத்தினீங்கதான். கொஞ்சம் பொறுங்க. மனிசர் ஆரும் கதைக்கல்ல. கோழிக்குஞ்சுச் சத்தம் கேட்டுது."

பொரிக்கப் போகும் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடியே கத்தும்.

"மெஷினுக்குள்ள சுத்திற காத்தாடிச் சத்தம் கேட்டுதா, நானா?"

"இல்ல தம்பி. குஞ்சுகள் மட்டுந்தான்."

அப்படியென்றால் கரண்ட் இல்லை. "சுடுதண்ணிப் போத்தல் வைக்கவேணும்" என்று சொன்னேன். மிச்சத்தைச் சொல்லுமுன் லைனை வெட்டிவிட்டார். நான் மறுபடி மறுபடி அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. கடையில் வந்து நின்ற ஆட்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பிறகுதான் அக்கா எல்லாம் சொன்னாள். தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதையும் நானா போத்தல்களில் நிரப்பியிருக்கிறார். குடிக்க வந்தவர்களிடம், "இண்டைக்குத் தேத்தண்ணி இல்ல, போங்க" என்று கடையைச் சாத்தியிருக்கிறார். ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மில் வரிசையில் நின்றவளை ஏற்றிக்கொண்டு கிளிவெட்டிக்கு வந்து, போத்தல்களைத் துணியில் சுற்றி முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கரண்ட் வரும்வரை அக்காவின் குசினியில் அடுப்பு ஊதித் தண்ணீர் சுடவைத்ததும் அவர்தான். என்ன மனுசன் அவர்!

அடுத்த நாள் பின்னேரம் அக்காவின் போன் வேலை செய்யவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில், என்னுடைய சட்டத்தை நானே மீறி மெஷினின் நம்பருக்கு அழைத்தேன். போன் தானாக எடுத்துக்கொண்டது. காத்தாடிச் சத்தம் கேட்டது. அதற்கு மேலால் ஒரே கீச்சு மூச்சு, எத்தனை குஞ்சுகளோ! பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் வந்தது. அக்காவின் மகள், நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், குஞ்சுகளோடு கதைக்கத் தொடங்கினாள்.

"ஸ்ஸ்... கத்தாதேங்கோ. அம்மா இனி ஒரு இடமும் போகமாட்டா."