ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவே ஒரு பரீட்சை

1. மாலை வகுப்பு

"அட்டெண்டன்ஸ் இல்லாம உங்களைப் பரீட்சைக்கு விட முடியாதும்மா" என்று மெர்ச்சண்டைசிங் டிப்ளமோ வகுப்பின் பொறுப்பாளர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். வகுப்பு மாலை ஆறரைக்கு. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிய எட்டரை ஆகும். ஷிப்மெண்ட் நெருங்கினால் அந்தக் கணக்கும் இல்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். கணவருக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை. நான் டெய்லராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. முட்டி வலி வந்துவிட்டது. கம்பெனியில் உட்கார்ந்தபடி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. அதற்கு டிப்ளமோ வேண்டும், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

2. வசதியான நேரம்

அதே டிப்ளமோவை இன்டர்நெட்டில் நடத்தும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில், 'உங்களுக்கு வசதியான நேரத்தில் படியுங்கள்' என்று போட்டிருந்தார்கள். கம்பெனிகளுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. சேர்ந்தேன். எனக்கு வசதியான நேரம் என்று ஒன்று இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளினால், ஞாயிறு துணி துவைப்பதில் போனது. கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் காலியானதும் கம்ப்யூட்டரில் பாடம் கேட்பேன். புரியாத இடத்தை நிறுத்தி மறுபடி ஓட்டுவேன். வகுப்பில் அப்படித் திருப்பித் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டிருப்பேன்.

ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஒருநாள் முதலாளி வந்தது தெரியவில்லை.

"ஏனுங்கம்மா, பாட்டு கேக்கறீங்களா?"

"இல்ல சார், மெர்ச்சண்டைசிங் படிச்சுட்டு இருக்கேன்."

"படிச்சுட்டு வேற கம்பெனிக்குப் போயிருவீங்க."

"இங்கயே எடம் காலியாகுதுல்லா சார்?"

"சாப்பாட்டு நேரத்தோட முடிச்சுக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3. கடைசித் தேர்வு

கடைசித் தேர்வு இன்டர்நெட் வழியாக ஆங்கிலத்தில் பேசுவது. தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஷிப்மெண்ட் என்று ஒருமுறை மாற்றினேன், மகளுக்குக் காய்ச்சல் என்று மறுமுறை. இனி மாற்ற முடியாது, தவறினால் அடுத்த வருடம்தான் என்று பதில் வந்தது.

அந்த நாளில் நான் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும்தான். எலக்ட்ரீஷியன் அண்ணன் தையல் ஹாலிலிருந்து ஆபீசுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் வயர் கிடந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. ஓவர்லாக் தையல் மெஷின்களின் சத்தம் அப்படியே உள்ளே வந்தது. நான் பேசுவது கேட்கவில்லை என்று எதிர்முனையில் தேர்வு நடத்திய அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படியே போனால் தேர்வை நிறுத்த வேண்டியதுதான் என்றார்.

தையல் லைன் என் பொறுப்புதான். ஆனால் ஷிப்மெண்ட் நாளில் அதை நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. கதவோரம் தைத்துக்கொண்டிருந்த செல்வராணி என்னைப் பார்த்தாள். தேர்வைப் பற்றிக் காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அவங்களுக்குக் கேக்கலையாம் செல்வராணி."

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரும்பி, "அக்காவுக்குப் பரீட்சை நடக்குது. கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லோரும் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள். நின்றால் அவர்கள் கூலிதான் போகும். ஒருவரும் முனகவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார் அந்த அம்மா. தப்பும் தவறுமாகச் சொன்னேன். துணி சுருங்கினால் பையருக்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

பாதியில் முதலாளியின் குரல். "லைன் ஏனுங்க நிக்குது?"

செல்வராணி உதட்டில் விரலை வைத்து ஆபீசைக் காட்டினாள். முதலாளியிடம் அப்படிச் செய்யும் துணிச்சல் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. நான் முடிக்கும்வரை அவர் கட்டிங் டேபிள் ஓரமாக நின்றார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது சார்."

"சேரிங்க, லைனை ஓட்டுங்க. சாயங்காலம் லாரி வந்துரும்."

லாரி வருவதற்குள் வேலை முடிந்தது. தேர்வில் சுமாரான மார்க்கில் பாஸானேன். மெர்ச்சண்டைசர் இடத்துக்கு முதலாளி வெளியாளைத்தான் எடுத்தார். என்னை அந்த ஆளுக்கு உதவியாகப் போட்டார். பிறகுதான் நானே தனியாகக் கவனிக்க எனக்கென்று ஒரு பையர் கிடைத்தார்.

வேலை பார்த்துக்கொண்டே போனில் படிக்கிறவர்கள், நேரம் எப்படிக் கிடைத்தது என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். பாடம் எந்த நேரத்துக்கும் காத்திருக்கும். வேலையும் வீடும் காத்திருக்காது. கூட இருப்பவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் நேரம் கிடைக்கும். அதனால் படிப்பதை மறைக்காதீர்கள். சேர்ந்த அன்றே நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.